டாய்வோவின் படம்

இபிதுன் முதலில் கற்றது கேமரா அல்ல, கம்ப்யூட்டர். இஜெபு-ஓடே நகரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு டைப்பிங் சென்டரில் இரங்கல் போஸ்டர்கள் செய்துகொண்டிருந்தாள். இறந்தவரின் படம் என்று வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில் பாதி முகம் தெரிய நிற்கிற படமாக இருக்கும். அந்தத் தலையை வெட்டியெடுத்து, வேறொருவரின் அகன்ற அங்கியின் மேல் பொருத்தி, தொப்பி வைத்து, கண்ணில் கொஞ்சம் ஒளி ஏற்றிக் கொடுப்பாள். வீட்டார் அதைப் பார்த்து அழுவார்கள். அப்படியே இருக்கிறார் என்பார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்த ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தும் அந்த அழுகையில் பொய் இல்லை என்பதை அவள் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

இதை ஒரு கொள்கையாக அவள் எங்கும் சொன்னதில்லை. கொள்கை எல்லாம் அவள் கணவன் ஜிபோலாவிடம் இருந்தது.

ஜிபோலா கேமராக்காரன். ஒரே கடையை நடுவில் திரை போட்டுத் தடுத்து, தெருப் பக்கம் அவளும் சுவர்ப் பக்கம் அவனுமாகத் தொழில் நடத்தினார்கள். அவன் ரா ஃபைலில் மட்டுமே எடுப்பான். லென்ஸ் வழியாக உள்ளே வந்த வெளிச்சத்தைக் கேமரா எதுவும் கழிக்காமல், எதுவும் கூட்டாமல் வைத்திருக்கிற ஃபைல் அது. அதில் இருப்பதுதான் படம், மற்றதெல்லாம் ஓவியம் என்பான். ஓவியத்தில் தப்பில்லை, ஆனால் ஓவியம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள வேண்டும் என்பான். இபிதுன் ஜேபெக்கில் எடுப்பாள். சின்ன ஃபைல், எந்த மெஷினும் திறக்கும். விருந்துகளில் ஆடிக்கொண்டிருக்கும் விருந்தாளி வேர்வை துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் படம் காகிதத்தில் அவன் கையில் இருக்க வேண்டும். வண்டி ஏறிவிட்டால் அந்தப் படத்தை வாங்க ஆள் இல்லை. வெளிச்சத்துக்கு மரியாதை செய்ய அங்கே நேரம் கிடையாது.

ஒருமுறை கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டதென்று, அவன் ஒரு வருடம் எடுத்த ரா ஃபைல்களையெல்லாம் ஜேபெக்காக மாற்றிவிட்டு மூலத்தை அழித்தாள். உதவி செய்ததாகத்தான் நினைத்தாள். அந்த வருடம் வெளிநாட்டுப் போட்டி ஒன்றின் கடைசிச் சுற்றுக்கு அவன் படம் போயிருந்தது. மூல ஃபைலை அனுப்பச் சொன்னார்கள். அனுப்ப எதுவும் இல்லை. அவன் கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"விதைக் கிழங்கை வேகவச்சுட்டு, இந்தா நட்டுக்கன்னு குடுக்கறே."

"நடறதுக்கு யாரும் நம்ம கடைக்கு வரலை, ஃபேயி அப்பா. பசியோட வர்றாங்க."

ஃபேயி அவர்கள் மகள். அவள் பெயரை வைத்துத்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். சண்டையிலும் அது மாறியதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் ஹார்டு டிஸ்க்கைத் தனியே பூட்டி வைத்தான். சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பூட்டு அதற்காக அல்ல.

மழைக்காலம் முடிகிற ஒரு செவ்வாய்க்கிழமை, காரி என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவு விற்கும் ஈயா இபேஜி படம் வாங்க வந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்ற எவளையும் ஊர் அப்படித்தான் கூப்பிடும். இரட்டையரின் தாய். இவளுக்கு உயிரோடு இருப்பது ஒருத்திதான், கெஹிண்டே, எட்டு வயது. முன்னால் பிறந்த டாய்வோ பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். அவளுக்கு ஒரு படம்கூட இல்லை. எடுக்கலாம், கொஞ்சம் முகம் தெளியட்டும் என்று தள்ளிப்போட்டதில் நடந்தது அது.

இப்படிப்பட்ட வீடுகளுக்குப் படக்காரர்கள் செய்கிற வேலை பிலிம் காலத்திலிருந்தே ஒன்றுதான். இருக்கிற பிள்ளையை எடுத்து, அதையே இருமுறை அச்சிட்டு, இருவரும் அருகருகே உட்கார்ந்த மாதிரி கொடுப்பது. ஜிபோலா இதை மட்டும் குறை சொன்னதில்லை, ஆனால் செய்ததும் இல்லை. வந்தவர்களைத் திரைக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிடுவான்.

போன வாரம் கெஹிண்டேயை எடுத்தது இபிதுன்தான். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. இபாதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து மருத்துவர்கள் வந்திருந்தார்கள். இந்த வாரம் செய்தால்தான் உண்டு, அவர்கள் போய்விட்டால் மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாளைக் காலை ஆபரேஷன். பிள்ளையைச் சித்தியோடு வார்டில் விட்டுவிட்டு, தாய் படத்துக்காகவே ஊர் திரும்பியிருந்தாள். இரட்டையரில் ஒருத்தியைக் கத்தியின் கீழ் படுக்க வைக்கும்போது மற்றவள் கவனிக்கப்படாமல் இருக்கக் கூடாது. டாய்வோவை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இபிதுன் படத்தை மேசையில் வைத்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அவளுக்கு நினைப்பு. ஒரே நீல ரவிக்கை, ஒரே முண்டாசு, இரண்டு பேர், இருவர் மடியிலும் பயறுக் கிண்ணம். இரட்டையருக்கு உகந்த பயறு. தாயே சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு முகமும் ஒரே பக்கம் பார்த்தால் நகல் எடுத்தது தெரிந்துவிடும் என்பதற்காக, ஒருத்தியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தவள் கையைப் பார்க்கவில்லை.

தாய் கையைத்தான் பார்த்தாள்.

"டாய்வோ இடது கையால சாப்பிடறா."

இபிதுன் குனிந்து பார்த்தாள். இடது கை விரல்கள் பயறுக்குள் இருந்தன.

"வலது எது இடது எதுன்னு நான் சொல்லிக்குடுக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. அதைத்தான் சொல்லிக்காட்டறாளா?"

திரைக்குப் பின்னால் ஜிபோலாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் வெளியே வரவில்லை.

இது கம்ப்யூட்டர் செய்த கோளாறு மா, இப்பவே சரி செய்து தருகிறேன் என்று இபிதுன் உட்கார்ந்தாள். போன வாரம் எடுத்த தனிப்படம் அவளிடம் இல்லை. வேலை முடிந்ததும் அதே பெயரில் சேமித்து, கார்டைத் துடைத்துவிடுவது அவள் வழக்கம். இருப்பது ஒட்டி முடித்த, பலமுறை சேமித்துச் சேமித்துச் சுருங்கிய ஜேபெக் ஒன்றுதான். அதிலிருந்து வலது கைக்காரியை வெட்டி, கொஞ்சம் இழுத்து, இடது கைக்காரியின் இடத்தில் வைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் சரியாகத்தான் தெரிந்தது. அச்சில் வந்ததும் இரண்டாவது முகத்தில் தாடையோரம் கட்டம் கட்டமாகத் திட்டு விழுந்திருந்தது. கண் கலங்கிய மாதிரி இருந்தது.

தாய் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேசையில் திருப்பி வைத்தாள், முகம் கீழே இருக்கும்படி.

"ரெண்டும் கெஹிண்டேதான். ஒருத்தி தெளிவா இருக்கா, இன்னொருத்தி அழிஞ்சு போறா. நீ டாய்வோவைக் கொண்டுவரலை. கெஹிண்டே பாதி அழியறதை எடுத்துக் குடுத்திருக்கே."

இது எங்கும் செய்கிற முறைதான் என்று இபிதுன் சொல்லிப் பார்த்தாள். அது தாய்க்கும் தெரியும். இடது கையைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தப் படத்தையே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் தையல் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன்பின் கண் துணியைப் பார்ப்பதில்லை, தையலைத்தான் பார்க்கிறது. தாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இபிதுனுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ தங்கச்சி கோவமா இருக்கும்போது அவளை உள்ள அனுப்ப மாட்டேன்."

இஜெபுவிலும் இபாதானிலும் பின்னால் பிறப்பவள்தான் மூத்தவள். உலகம் எப்படியிருக்கிறது, பார்த்து வா என்று தங்கையை முன்னால் அனுப்பியவள் அவள். தாய் முண்டாசை இறுக்கிக்கொண்டு, கடைசி வண்டிகள் போவதற்குள் ஆஸ்பத்திரி திரும்ப வேண்டும் என்று எழுந்தாள்.

அப்போதுதான் திரை விலகியது. ஜிபோலா கேமராப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். மறு கையில் கறுப்பு வெல்வெட் துணிச்சுருள்.

"நாங்களும் வர்றோம்மா. பிள்ளையை அங்கேயே எடுத்துடலாம்."

எப்படி எடுப்பாய் என்று தாய் கேட்கவில்லை. இபிதுன் கேட்டாள், வண்டியில், பின் சீட்டில், முன்னால் உட்கார்ந்திருந்த தாய்க்குக் கேட்காத குரலில். போலிப் படம் எடுக்க மாட்டேன் என்கிற ஆள் எதற்குக் கிளம்பினான் என்று.

கேமராவிலேயே வழி இருக்கிறது என்றான் அவன். ஒரே ஃபைலின் மேல் இரண்டுமுறை வெளிச்சத்தை விழவிடலாம். பின்னால் முழுக் கறுப்பு இருந்தால் முதல் முறை இடப்பக்கம் உட்கார்ந்தவள் அங்கேயே இருப்பாள், இரண்டாம் முறை வலப்பக்கம் உட்கார்கிறவள் இங்கே வருவாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே ரா ஃபைல்.

இபிதுனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

"நான் கம்ப்யூட்டர்ல செஞ்சா பொய். நீங்க கேமராக்குள்ள செஞ்சா சத்தியம்."

"ரெண்டு தடவையும் வெளிச்சம் அந்தப் பிள்ளை மேல பட்டுத்தான் வருது."

"ஒரே பிள்ளை மேல."

"அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவ அம்மா சொல்லட்டும்."

வண்டி ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. அவன் சொன்னதில் ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றும் தோன்றியது. ஆனால் அந்த ஓட்டையைக் காட்டுவதற்கு இன்றைக்கு நேரம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. தன் முறையில் பிழையானால் திருத்தலாம். இவன் முறையில் முடியாது. இரண்டாவது முறை பிள்ளை அசைந்தால், இருமினால், முதல் முறையும் சேர்ந்து கெடும்.

வார்டில் சிஸ்டர் ஒருத்தி தடுத்தாள். பார்வையாளர் நேரம் முடியப் போகிறது, படம் எடுக்கிற இடமா இது என்றாள். தாய் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். சிஸ்டர் கட்டில்களுக்குப் பின்னால் மருந்து வண்டி நிறுத்தும் மூலையைக் காட்டினாள். சித்தி வாங்கி வைத்திருந்த பயறுக் கிண்ணத்தைப் பார்த்து, கையில் வைத்துக்கொள்ளலாம், வாயில் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

போன வாரத்து நீல ரவிக்கையில் கெஹிண்டே ஒல்லியாக இருந்தாள். உதட்டோரம் லேசாக நீலம். பேச்சு மட்டும் வேகம். கறுப்புத் துணியை இபிதுன் ஜன்னல் கம்பியில் கட்டும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. இந்தத் துணி யாருடையது, போன வாரம் ஏன் இது இல்லை, போன வாரப் படம் என்ன ஆயிற்று.

போன வாரம் ஆன்ட்டி தப்பு செய்துவிட்டேன் என்றாள் இபிதுன். பிள்ளை அதைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டது.

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தார்கள். ஜிபோலா எடுத்தான். பிறகு வலது ஓரத்துக்கு அவளைத் தூக்கி வைத்தபோது இருமல் வந்தது, நிற்காமல் வந்தது. அதற்குள் அவன் விரல் அழுத்தியிருந்தது. கேமராவின் சின்னத் திரையில் வலது பக்கம் ஒரு நீலப் புகை, அதற்குள் பல முகங்கள். அவன் அதைத் தாயிடம் காட்டவில்லை.

சிஸ்டர் பிள்ளையின் நாடி பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு முறை, அதற்கு மேல் இல்லை என்றாள். சொன்ன விதத்தில் மறுபேச்சுக்கு இடம் இல்லை.

மறுபடி இடது ஓரம். கெஹிண்டே கிண்ணத்தில் வலது கையை வைத்துக்கொண்டு கேமராவை முறைத்தாள். எடுத்தாயிற்று. இபிதுன் அவளைத் தூக்கினாள். பிள்ளையின் நெஞ்சு அவள் கையில் படபடவென்று அடித்தது. வலது ஓரத்தில் உட்கார வைத்து ரவிக்கை மடிப்பைச் சரி செய்தாள்.

"இப்ப நான் டாய்வோவா?"

இபிதுன் தாயைப் பார்த்தாள். தாய் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்ப எனக்கு மூச்சு வாங்காதுல்ல. அவளுக்குத்தான் ஓட்டை இல்லையே."

பிள்ளை முதுகை நிமிர்த்தினாள். முகத்தில் இருந்த முறைப்பு போய், வேறு ஒரு பொறுமை வந்து உட்கார்ந்தது. இபிதுன் எத்தனையோ முகங்களை மாற்றியிருக்கிறாள், கண்ணைப் பெரிதாக்கி, கன்னத்தைச் சரிசெய்து. இந்த மாற்றம் எதை இழுத்தாலும் வருகிற மாற்றம் அல்ல. பிள்ளை கிண்ணத்திலிருந்து ஒரு பிடி பயறை வலது கையில் எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை நோக்கி நீட்டினாள்.

ஜிபோலா மெதுவாக, கையை உள்ளே இழுத்துக்கோ கண்ணு என்றான். கை அந்தப் பக்கம் போனால் முதல் படத்தின் மேல் ஏறிவிடும். இரண்டும் கலந்துவிடும். பிள்ளை கேட்கவில்லை. நீட்டிய கை லேசாக நடுங்கத் தொடங்கியது. இருமல் தொண்டைவரை வந்துவிட்டது இபிதுனுக்குத் தெரிந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான். சரியாக இருக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"எடுங்க, ஃபேயி அப்பா."

"கை குறுக்க வருது."

"வரட்டும். எடுங்க."

எடுத்தான். அடுத்த நொடி இருமல் வந்தது. சிஸ்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தாள். மற்றவள் அவள் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டியிருந்தாள். கிண்ணத்தின் மேல் வந்த இடத்தில் அந்தக் கை கண்ணாடிபோல் ஆகி, அதன் வழியாகப் பயறு தெரிந்தது. ஜிபோலாவின் முகம் தொங்கியது. கெட்டுவிட்டது என்றான். கடைக்குக் கொண்டுபோனால் கையை உன்னால் மூட முடியும் இல்லையா என்று மனைவியிடம் கேட்டான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. முடியும் என்றாள். ஆனால் முதலில் அந்தம்மா பார்க்கட்டும் என்றாள்.

தாய் கேமராவை இரண்டு கையாலும் வாங்கினாள். எந்தக் கை என்று பார்த்தாள். பிறகு முகத்துக்கு வந்தாள்.

"இதைக் காகிதத்துல வேணும். இதோட என்னால அவகிட்ட போக முடியாது, கண்ணாடிக்குள்ள மினுமினுத்துக்கிட்டு. நாளைக்குக் காலையில கையில வேணும்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில், பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும் போடுகிற பெட்டிக்கடை திறக்கிறவரை கணவனும் மனைவியும் படியில் நின்றார்கள். இரவு தங்கிய உறவினர் வீட்டில் இருவரும் சரியாகத் தூங்கவில்லை. கடைக்காரன் ஜெனரேட்டரை இழுத்து எழுப்பி, கார்டை வாங்கிச் செருகினான். இதில் ஒன்றும் இல்லையே பிரதர் என்றான். ஜிபோலா, இருக்கிறது, பாருங்கள் என்றான். என் மெஷினுக்குத் தெரியவில்லை என்றால் எனக்கு இல்லை என்றுதான் அர்த்தம் என்றான் கடைக்காரன். ரா ஃபைலைத் திறக்கிற கடை ஊருக்குள் இருக்கலாம்; அங்கே போய் வர நேரம் இல்லை. முதல் ஆபரேஷனுக்கே கெஹிண்டே பெயர்தான்.

கூட்டாமல் கழிக்காமல் வந்த வெளிச்சம் முழுக்க அந்தக் கார்டில்தான் இருந்தது. யாரும் அதைப் பார்க்க முடியவில்லை.

கேமராவிலேயே ஜேபெக்காக மாற்றும் வசதி உண்டு. அவன் அதைத் தொட்டதே இல்லை. எந்த மெனுவில் இருக்கிறதென்று தேடினான். இபிதுனுக்கு அது தெரியும். கையை நீட்டவில்லை. அவனே கண்டுபிடித்து, அழுத்தும் முன் ஒரு கணம் நின்றான்.

"மூலத்தை அழிச்சுடாது இல்ல?"

"அழிக்காது. நான்தான் அழிப்பேன். கேமரா அழிக்காது."

அவன் அவளைப் பார்த்தான். அன்றைய சண்டைக்குப் பிறகு அந்த வருடத்துப் படங்களைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அழுத்தினான்.

அச்சில் தோல் கொஞ்சம் சாம்பல் பூத்து வந்தது. மெஷினின் குணம் அது. கடைக்காரனிடம் நிறத்தை ஏற்றச் சொல்ல இபிதுன் வாயெடுத்தாள். வாசலில் சித்தி கையசைத்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. ஈரம் காயாத படத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மூவரும் ஓடினார்கள்.

தள்ளுவண்டி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. மருத்துவர் ஒருவர் பேனாவைத் திறந்தபடி பொறுமையாக நின்றார். அந்தப் பொறுமை தீரும் இடத்துக்கு வந்திருந்தது. தாய் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கெஹிண்டே அரைத்தூக்கத்தில் இருந்தாள், ஊசி போட்டிருந்தார்கள்.

"டாய்வோ வந்துட்டாளா?"

"வந்துட்டா. உனக்கு ஊட்டறா பாரு."

பிள்ளை பார்த்தாள். தன்னையே அவள் பார்க்கிறாளா என்று இபிதுன் கவனித்தாள். அப்படித் தெரியவில்லை. உட்கார்ந்து காட்டியது தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும், வேறொருத்தியைப் பார்க்கிறவளின் பார்வை அது.

தாய் கையெழுத்துப் போட்டாள். வண்டி உருண்டது. படத்தை உள்ளே கொண்டுபோக முடியாது என்றார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். இபிதுன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜிபோலா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். வெயில் வராந்தாவின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது. சித்தி ரொட்டி வாங்கிவந்தாள், யாரும் பிய்க்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு அந்த மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டையை அடைத்துவிட்டோம், இதயம் தானாக அடிக்கத் தொடங்கிவிட்டது, இன்றைக்கு ஒரு பொழுது தாண்ட வேண்டும் என்றார். தாய் எழுந்து, முழங்கால் தரையில் படக் குனிந்து அவரை வணங்கினாள். அவர் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. இபிதுன் அவள் தோளைப் பிடித்துத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தாய் ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைச் சுவரோரம் நின்றவனிடம் நீட்டினாள்.

"சாப்பிடு தம்பி. நேத்துலேருந்து நின்னுக்கிட்டே இருக்கே."